ஈசானி மூலையில் ஒரு எர்த் குழி

பால் பொங்குவதற்குச் சற்று முன்னால் கரண்ட் போனது.

ஊர் கரண்ட் போகவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போனது இந்த வீட்டில் மட்டும். திண்டிவனத்தில் புதிதாகக் கட்டிய மாடி வீடு. கிரகப்பிரவேசம். கூடத்தில் மூன்று செங்கல் கூட்டி வைத்த பால் பானையைச் சுற்றி ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். வீடியோக்காரரின் விளக்கு அணைந்தது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஹோமப் புகை எல்லார் கண்ணிலும் இறங்கியது.

"மல்லிகா எங்க? மல்லிகாவக் கூப்பிடுங்க!"

அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவள் நான்தான். மாடிப்படிக்குக் கீழே இருந்த, எல்லா லைனும் பிரிகிற டிபி பெட்டியைத் திறந்தேன். எதிர்பார்த்ததுதான். ஆர்சிசிபி விழுந்திருந்தது. எங்காவது கரண்ட் கசிந்தால் வீட்டு மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிடும் சின்னப் பெட்டி அது. தூக்கிவிட்டேன். பத்து எண்ணுவதற்குள் 'டக்' என்று மறுபடியும் விழுந்தது. அன்று காலையில் அது மூன்றாவது முறை.

வீட்டுக்காரர் என் பின்னால் வந்து நின்றார். பட்டு வேட்டி, வெற்று மார்பு, நெற்றியில் வியர்வையோடு கரைந்த சந்தனம்.

"பால் பொங்கறப்ப வெளக்கு அணைஞ்சா இன்னா அர்த்தம்னு சொந்தக்காரங்க ஆரம்பிச்சிட்டாங்க மல்லிகா. ஜல்தி எதனா பண்ணும்மா."

எதனா பண்ணினேன். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கடந்த வாரங்களில் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

முழு வீடு

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் நான் சேர்ந்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்து விழுப்புரத்துக்கு சைக்கிளில் வருவேன். வழியில் என்னைப் பார்த்து "கரண்ட்டு கம்பி வருது, ஒதுங்குடா" என்று சொல்லாத பையன்கள் குறைவு. படித்தேன், வயர்மேன் லைசென்சும் வாங்கினேன். லைசென்ஸ் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

கிடைத்ததெல்லாம் சில்லறை வேலை. ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக், இஸ்திரிப் பெட்டி. வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் பெண்கள் என்னைக் கூப்பிடுவார்கள். நம்பிக்கையால் அல்ல, முன்பின் தெரியாத ஆம்பிளையை வீட்டுக்குள் விட முடியாது என்பதால். விக்கிரவாண்டியில் ஒரு ஓட்டல்காரர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "பொம்பள இழுத்த லைனை நம்பி படுத்துத் தூங்க முடியுமா?" அவர் கடை ஃபிரிட்ஜை அன்றைக்கு நான்தான் சரிசெய்தேன். அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

இருபது வருடம் இப்படியே போனது. ஒரு முழு வீட்டுக்கு, சுவர் எழும்பும்போதே பைப் பதிப்பதில் ஆரம்பித்து மீட்டர் வரைக்கும் வயரிங் செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஏங்கியதில்லை.

அந்த முழு வீட்டைக் கொடுத்தவர் சிவலிங்கம் சார், கரைந்த சந்தனத்தோடு என் பின்னால் வந்து நின்ற அதே வீட்டுக்காரர். அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தெரிந்தவர் வீட்டில் நான் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நின்று நாலு கேள்வி கேட்டார். நான் சொன்ன பதில்கள் பிடித்துப்போயின.

"என் வீட்டு வேலைய நீ எடுத்துப் பண்றியாம்மா?"

"என்னால முடியுமான்னு மேஸ்திரி கேப்பாரு சார்."

"கரண்ட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாது மல்லிகா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் கிணற்றில் குதி என்றால் குதித்திருப்பேன். கடைசியில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன், குதித்தது நான் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பொய்நெருப்பு

சாரின் மகன் லண்டனில் இருக்கிறான். புது வீட்டுக்கு அவன் அனுப்பிய பரிசு ஒரு ஃபயர்ப்ளேஸ். வெள்ளைக்காரன் வீட்டுக் கூடத்தில் கட்டை எரியுமே, அந்தக் கணப்பு. இது கரண்டில் எரிவது. கறுப்பு இரும்புச் சட்டம், முன்னால் கண்ணாடி, உள்ளே பிளாஸ்டிக் விறகு. சுவிட்சைப் போட்டால் ஆரஞ்சு வெளிச்சம் தீ மாதிரியே ஆடும். இன்னொரு சுவிட்சைப் போட்டால் கீழே உள்ள துவாரங்களிலிருந்து வெந்நீர்ப் பானை மூடியைத் திறந்தது போலச் சூடு அடிக்கும்.

திண்டிவனத்துக்குக் கணப்பு! சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. நான் சிரித்ததைப் பார்த்து சாரின் மனைவி சரோஜா அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

"மார்கழிப் பனியில எனக்கு மூச்சு வாங்கிக்கினே இருக்கும் மல்லிகா. புள்ள அத நெனச்சி அனுப்பியிருக்கான்."

அப்புறம் நான் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் வேலைக்கு இருந்தவள் அஞ்சலை. கட்டட வேலையின்போது சிமெண்ட் சுமந்தவள், வீடு முடிந்ததும் பெருக்கித் துடைக்க அங்கேயே நின்றுகொண்டாள். அதற்கு முன் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, பிடுங்கவும் நடவு நடவும் போய்க்கொண்டிருந்தவள். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை அக்கா என்பாள். ஏணியில் நான் நின்றால் கீழே பிடித்துக்கொள்வாள், யாரும் சொல்லாமலே.

பெட்டியைப் பிரித்துச் சோதித்துப் பார்த்த அன்று அவள் குந்தி உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, கட்ட எரியுது, ஒரு புடி சாம்பலு இல்ல?"

"லைட்டுதான் அஞ்சல. சும்மா ஆடுது."

"பொய்நெருப்பு" என்று பெயர் வைத்துவிட்டு, கையை நீட்டிக் குளிர் காய்வது போல நடித்துச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லோருக்கும் அது பொய்நெருப்புதான். சரோஜா அம்மாகூட அப்படித்தான் சொல்வார்.

பெட்டியோடு வந்த பிளக்கில் மூன்று தட்டையான கால்கள். நம் ஊர்ச் சாக்கெட்டில் நுழையாது. மகன் கூடவே ஒரு கன்வெர்ட்டரும் அனுப்பியிருந்தான். இரண்டு கால் மட்டும் உள்ள வகை. மூன்றாவது காலுக்கு அதில் இடமே இல்லை. அந்த மூன்றாவது கால்தான் எர்த். இரும்புச் சட்டத்தில் தப்பித்தவறி கரண்ட் ஏறினால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி. அது இல்லையென்றால் தொடுகிறவர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும்.

கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டேன். அந்தப் பெட்டி இரண்டாயிரம் வாட். ஏறக்குறைய ஒன்பது ஆம்ப்ஸ் இழுக்கும். டிவிக்குப் போடுகிற சின்னச் சாக்கெட்டில் செருகினால் ஒரு வாரத்தில் சாக்கெட் கறுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவது அதைவிட மோசம். அதனால் டிபியிலிருந்து அதற்கென்றே தனி லைன் இழுத்தேன். தடித்த வயர், அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் விழுகிற தனி எம்சிபி, பதினாறு ஆம்ப்ஸ் பவர் பிளக். எர்த்துக்குப் போகிற பச்சை வயரை முதலில் கட்டி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் மற்ற இரண்டையும் கட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஆர்சிசிபி.

சார் பக்கத்தில் நின்று பார்த்தார். "நான் பிள்ளைங்களுக்குப் படம் போட்டுக் காட்டினத நீ கையால செஞ்சி காட்டிட்டம்மா" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கரியும் உப்பும்

எர்த் குழி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் குழி தோண்டி, அதில் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டி மூடுவோம். கரியும் உப்பும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் இருந்தால்தான் மண் கரண்டை வாங்கும். கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்போது கடையில் வாங்கிப் புதைக்கிற ரெடிமேட் எர்த் வந்துவிட்டது. நான் பழைய முறைதான்.

அந்த வீட்டில் மீட்டரும் போர்வெல்லும் வடகிழக்கில். மண்ணும் அங்கேதான் ஈரமாக இருந்தது. அங்கேயே தோண்டினேன். அதை ஈசானி மூலை என்பார்கள், சாமி மூலை. எனக்கு அது ஈர மூலை, அவ்வளவுதான்.

குழியில் உப்பைக் கொட்டும்போது அஞ்சலை ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

"கரியும் உப்பும் பொதைக்கிறது செய்வின வக்கிறவங்க வேலைக்கா. பாத்துக்க."

"இது கரண்ட்டுக்கு வக்கிற செய்வின" என்றேன். இருவரும் சிரித்தோம். மேலே ஒரு சின்ன சிமெண்ட் தொட்டி கட்டி, அதில் தண்ணீர் ஊற்றும் வேலையை அவளிடமே ஒப்படைத்தேன். ஊருக்கெல்லாம் செய்வினைக் கதை சொல்கிறவர்கள் இந்த வீட்டுக்கும் வருவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது?

நாலு ஸ்குரு

பால் பானைக்கு வருகிறேன்.

ஆர்சிசிபி ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களில் பந்தல்காரர்கள் சீரியல் செட் விளக்கு சுற்றியிருந்தார்கள். நாலு இடத்தில் ஒட்டுப்போட்ட வயர். ஒட்டின் மேல் சுற்றிய டேப் பிரிந்து ஈர மட்டையில் படிந்து கிடந்தது. வாழை என்றாலே தண்ணீர்தான். அதன் வழியாகக் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது.

"அந்த சீரியல் செட்ட மட்டும் கழட்டச் சொல்லுங்க சார். எல்லாம் நிக்கும்."

"வாசல்ல லைட்டு இல்லாம கிரகப்பிரவேசமா?" இது சாரின் தங்கை வீட்டுக்காரர். "பொம்பளைங்க கிட்ட வேலய வுட்டா இப்படித்தான்."

கூடத்தில் பானை ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்துவிட்டது. யாரோ விறகைப் பின்னால் இழுக்கச் சொன்னார்கள். சார் என் காதருகே குனிந்து, "அந்த ஆர்சிசிபிய எடுத்துட்டு நேரா குடுக்க முடியாதா? ஒரு மணி நேரம்தான். அப்புறம் மாட்டிக்கலாம்" என்றார்.

முடியும். மெயினை நிறுத்திவிட்டு நாலு ஸ்குருவைத் தளர்த்தினேன். உள்ளே வரும் இரண்டு வயரையும் கழற்றி, வெளியே போகிற வயரோடு சேர்த்து முறுக்கினேன். இரண்டு நிமிட வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஆர்சிசிபி அதன் இடத்தில் அப்படியே இருக்கும். விளக்குகள் வந்தன. பால் பொங்கியது. பெண்கள் குலவை இட்டார்கள். சாரின் தங்கை வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வாழை மரத்தின் மேல் சத்தியம் செய்து சொல்கிறேன், நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது பேர் முன்னால் பொம்பளை போட்ட லைன் நின்றுபோனது என்று பேர் வரக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது. இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த ஒரு வீடு. எனக்கு என் பேர் பெரிதாக இருந்தது.

அப்புறம் மரியாதை நடந்தது. வீடு கட்டியவர்களை உட்கார வைத்துத் தாம்பூலம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு. எனக்குப் புடவை. மரூன் கலர், மெல்லிய சரிகை. சரோஜா அம்மா குங்குமம் வைத்துத் தட்டை நீட்டினார். அந்தத் தட்டை நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை வீடியோவில் பார்க்கலாம்.

சாப்பிட்டேன். வடை பாயசத்தோடு. ஒரு மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. டிபி பெட்டிக்கு முன்னால் உறவுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "நாளைக்கு வந்து மாட்டிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

நாளைக்குப் போகவில்லை. நாலாவது நாள் போன் செய்தேன்.

"எல்லாம் நல்லா ஓடிக்கினு இருக்குது மல்லிகா. வீடு பூரா சொந்தக்காரங்க. நானே சொல்றேன், அப்ப வா."

சரி சார் என்றேன். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. எர்த் இருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆவணி போய் மார்கழி வந்தது. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

விரல் நுனி

மார்கழியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு சாரிடமிருந்து போன்.

"அஞ்சலை போயிட்டாம்மா. வலிப்பு வந்து விழுந்தவதான். ஆட்டோவுல ஏத்தி முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டோல்கேட்டு தாண்டறதுக்குள்ளயே மூச்சு நின்னு போச்சாம். அப்படியே வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க."

நாலு மாதமாக ஒரு போன் இல்லை. வேலைக்காரி இறந்ததை வயரிங் செய்தவளுக்கு எதற்குச் சொல்கிறார்? அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அஞ்சலையின் வீடு ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிய தெருவில். ஓலைப் பந்தலின் கீழ் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் பூசியிருந்தார்கள். சார் மாலையோடு வந்து போயிருந்தார். அவள் மகள் அமுதா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவிலேயே இருப்பவள்.

கும்பிட்டுவிட்டு அஞ்சலையின் வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நுனியில் வெள்ளையாக, மிளகு அளவுக்கு, நடுவில் குழிந்த ஒரு புள்ளி. மஞ்சள் அதன் மேல் ஒட்டவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது கரண்ட் சுட்ட தடம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"எங்கம்மாவுக்கு வலிப்பே வந்ததில்லக்கா" என்றாள் அமுதா. என்னிடம் கேட்கவில்லை, சும்மா சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாலைக்குள் புதைத்துவிட்டார்கள்.

துளசி மாடம்

மறுநாள் காலையில் முதல் வேலையாக சார் வீட்டுக்குப் போனேன். சரோஜா அம்மா கட்டிலிலிருந்து எழவில்லை, அழுதுகொண்டிருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். குளிருக்காகச் சூட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அஞ்சலை தரையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஈரத் துணியோடு பொய்நெருப்பின் இரும்புச் சட்டத்தைத் துடைத்தாள். அப்படியே உடம்பு வெட்டி இழுத்துப் பக்கத்தில் விழுந்தாள். வலிப்பு என்று நினைத்து சார் ஓடிப்போய் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவள் கையில் திணித்திருக்கிறார்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மின்சாரம் நடத்தியவர். மெயினை நிறுத்தவில்லை. சாவியைத் தேடினார்.

டெஸ்டரை எடுத்து, பெட்டியின் சுவிட்சைப் போட்டுச் சட்டத்தில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. நாலு மாதம் சும்மா கிடந்ததில் உள்ளே ஈரமேறிச் சூட்டுச் சுருளிலிருந்து கரண்ட் கசிந்திருக்கிறது. அது நடக்கக்கூடியதுதான். நடந்தாலும் எர்த் இழுத்துக்கொள்ளும், ஆர்சிசிபி விழும். ஆர்சிசிபி ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியும். எர்த் என்ன ஆனது?

வடகிழக்கு மூலைக்குப் போனேன். என் சிமெண்ட் தொட்டி இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டிய துளசி மாடம் நின்றது. விளக்குகூட ஏற்றியிருந்தார்கள்.

"குழி எங்க சார்?"

சார் என்னைப் பார்க்காமல் பேசினார். "வாஸ்து பாக்கறவரு வந்திருந்தாரு. ஈசானி மூலையில கரியும் உப்பும் பொதைச்சா குடும்பம் கரியாப் போயிடும்னாரு. மருமகளுக்கு ரெண்டு தடவ கலைஞ்சி போச்சு மல்லிகா. சரோஜா பயந்துட்டா."

"நீங்க?"

"நான் இன்னா பண்றது? வீட்ல தெனம் சண்ட. தோண்டி எடுத்துட்டு மணல் போட்டு மூடிட்டோம்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார். வேற மூலையில போட்டுக் குடுத்திருப்பேனே."

அவர் இப்போது என்னை நேராகப் பார்த்தார். குரல் இறங்கியது, வாத்தியார் குரல் போய் வேறொரு குரல் வந்தது. "நீ அன்னைக்கிக் கழட்டினத நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீயும் குழியப் பத்திப் பேச வேணாம். போனவ திரும்பி வரப் போறதில்ல. நம்ம ரெண்டு பேருக்கும் அதான் நல்லது."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு அன்று மடி நிறையக் கனம். லைசென்ஸ் போகும், போலீஸ் வரும், அந்த ஓட்டல்காரர் சிரிப்பார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டேன். "இனிமே இதப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். டிபி பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் சேர்ந்தோம்.

ஏரியில் கொட்டியது

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அமுதா விழுப்புரத்துக்கு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பாத்த வேலைக்கி என்னை வரச் சொல்லியிருக்காங்கக்கா. நாளையிலேர்ந்து. வீட்டுக்காரரு லாரிக்குப் போனா மாசத்துக்கு ஒருதபா வர்றாரு. வேற வழியில்ல, போறேன்."

"சரிம்மா."

"அம்மா அந்தப் பொய்நெருப்பு கிட்டதான விழுந்துச்சு. அத்தத் தொடைக்கலாமாக்கா? எனக்குப் பேஜாரா இருக்குது. நீங்க கரண்ட்டு தெரிஞ்சவங்க. நீங்க சொன்னா நம்பறேன்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன், வந்தது வேறு. "பிளக்கு புடுங்கியிருக்குது. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"இல்லக்கா, சரோஜா அம்மாவுக்குக் குளுருதுன்னு மறுபடியும் போட்டுட்டாங்களாம். வேற ஆள வச்சி சரி பண்ணிட்டாங்களாம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் கவனிக்கவில்லை, தன் போக்கில் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அந்த வீட்ல எதோ வேண்டாதது இருக்குதுக்கா. ஐப்பசியில தோட்டத்து மூலையில கரியும் உப்பும் எடுத்தாங்க. ஓடற தண்ணியில வுடணும்னு சொல்லிட்டாங்க. யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க. எங்கம்மாதான் கூடை கூடையா அள்ளிக்கினு போயி ஏரி மதகுல கொட்டுச்சு. தலைக்கி ஊத்திக்கினு வந்து, 'மல்லிகாக்கா கிட்ட அப்பவே சொன்னேன்'னு சிரிச்சிச்சு. அதோட தோஷம்தான் அம்மாவப் புடிச்சிக்கிச்சின்னு தெருவுல சொல்றாங்க."

தன்னைக் காப்பாற்ற இருந்ததைத் தானே சுமந்துகொண்டு போய் ஏரியில் கொட்டியிருக்கிறாள். குளித்துவிட்டும் வந்திருக்கிறாள். இதை நான் எந்த அடுப்பில் போட்டு எரிப்பது?

"நாளைக்கி நீ போறதுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன். நான் சொல்ற வரைக்கும் அதத் தொடாத" என்றேன்.

விடிந்ததும் முதல் பஸ். பையில் புது ஆர்சிசிபி, தோளில் ரெடிமேட் எர்த் குழாய். கேட்டைத் திறந்த சார் என்னையும் குழாயையும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். தென்கிழக்கில் நானே கடப்பாரை போட்டுத் தோண்டினேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கை கொப்புளித்தது. பச்சை வயரைப் புதிதாக இழுத்தேன். அந்த நாலு ஸ்குருவையும் தளர்த்தி, என் கையால் முறுக்கியதை என் கையாலேயே பிரித்தேன். பொய்நெருப்பைக் கழற்றி அதன் சூட்டுச் சுருளை வெட்டி எறிந்தேன். இனி அதில் வெளிச்சம் மட்டும்தான் வரும். புது ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்று விழுந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அமுதா வாளியும் துணியுமாகக் கூடத்தின் வாசலில் காத்திருந்தாள். சார் சோபாவில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துப் பிடித்திருந்தார்.

"இப்ப நீ தைரியமாத் தொடலாம்மா" என்றேன்.

துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். டிபி பெட்டியைப் பார்த்தாள், என் கொப்புளித்த கையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்பன்னா?" என்றாள். "அப்ப எங்கம்மா தொட்டப்போ?"

சார் பேப்பரைத் திருப்பவில்லை. நான் டெஸ்டரையும் பிளேயரையும் பைக்குள் போட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நாலு வருடம் ஆகிறது. அமுதா இன்னும் அந்த வீட்டில்தான் வேலை செய்கிறாள். என்னை எங்காவது பார்த்தால் நின்று, நல்லா இருக்கீங்களா என்று கேட்பாள். அன்று கூடத்தில் கேட்டதை மறுபடி கேட்டதில்லை. சார் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். வாரா வாரம் வாசலில் கிடப்பதை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைப்பது அவள்தான். எட்டாவது வரைக்கும் படித்தவள். என் பேர் போட்டு வருவதால் புரட்டிப் பார்ப்பாள் என்று கேள்விப்பட்டேன்.

அமுதா, உங்கம்மாவுக்கு வலிப்பும் இல்லை, தோஷமும் இல்லை. கரண்ட்தான். அது அடிக்காமல் நிறுத்த அந்த வீட்டில் இரண்டு காவல் வைத்திருந்தேன். ஒன்றை அவர்கள் தோண்டி எடுத்தார்கள். இன்னொன்றைக் கழற்றியது நான்.